கேஸ் மாத்திரையை விட்டால் நெஞ்சு எரிகிறது. கைவைத்தியம் கை கொடுக்குமா?

பின்னலூரான் (திருப்பூர்):

எல்லோருக்கும் வணக்கம். வயது 38. பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். முன்பு ஒரு டாக்டர் நெஞ்செரிச்சலுக்கு இரண்டு வாரத்துக்கு மட்டும் கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்புறம் நானே கடையில் அட்டை அட்டையாக வாங்கிப் போட்டு, வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்த்தால் போதும், புளித்த ஏப்பம், நெஞ்சில் எரிச்சல், ராத்திரி தொண்டைவரை ஏறி வந்து இருமல். உடனே பயந்துபோய் மறுபடி மாத்திரை. மாமியார் ஓமத்தண்ணீர் குடியுங்கள் மாப்பிள்ளை என்கிறார். தம்பி ஆப்பிள் சிடர் வினிகர் என்கிறான். யூடியூப்பில் ஒருவர் இந்த மாத்திரையே விஷம், கிட்னி போய்விடும் என்று கத்துகிறார்.

ஷிப்ட் முடிந்து வீடு சேர ராத்திரி பத்தரை ஆகும். சாப்பிட்டதும் படுக்கைதான். டீக்குக் கணக்கே கிடையாது. மாத்திரையை விட்டுவிட்டு வீட்டு வைத்தியத்துக்கு மாற வழி உண்டா? யாராவது மாறியிருக்கிறீர்களா?

காவேரிப்பாட்டி (கும்பகோணம்):

தம்பி, பத்தரை மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால் பாற்கடலில் பள்ளிகொண்டவருக்கே நெஞ்சு எரியும். முதலில் அதைப் பார்.

எங்கள் வீட்டில் அங்காயப்பொடி இல்லாமல் இருந்ததில்லை. சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம், தனியா, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. எல்லாவற்றையும் தனித்தனியாக வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். வேப்பம்பூ மட்டும் கடைசியில், அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சூட்டிலேயே. இல்லாவிட்டால் கருகிக் கசப்பு ஏறிவிடும். சுடுசோற்றில் நெய் விட்டு முதல் பிடி இந்தப் பொடியோடு சாப்பிட்டுவிட்டு மற்றதெல்லாம் சாப்பிடு. வயிறு தானாக வழிக்கு வரும்.

மருந்துக்கடை மாமா (மதுரை):

பொடி நன்றாகத்தான் இருக்கும் அம்மா. ஆனால் தம்பியின் சிக்கல் வேறு.

மாத்திரையை விட்டதும் எரிவதால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பேண்டப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகளை அடைத்துவைப்பதுதான் இவற்றின் வேலை. அமிலம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது. காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டி, அமிலம் சுரக்கும் செல்களை இன்னும் முடுக்கிவிடும். மாத்திரை உள்ளே இருக்கும்வரை அது தெரியாது. சட்டென்று நிறுத்தினால் மொத்தமும் ஒரேயடியாக வரும். 2009-ல் டென்மார்க்கில் வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை, மறு பாதிக்கு வெற்று மாத்திரை. நிறுத்திய பிறகு, மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொந்தரவு வந்தது. வெற்று மாத்திரைக்காரர்களில் 15 பேருக்கு. நோயே இல்லாத ஆட்களுக்கே இந்தக் கதி.

ஆகவே நிறுத்துவது என்றால் படிப்படியாக நிறுத்த வேண்டும். அதற்கு முன் ஒரு கேள்வி: இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ஏதாவது போடுகிறீர்களா? முன்பு எப்போதாவது அல்சரில் ரத்தம் வந்ததா? எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் புண், பாரெட் (அமிலம் பட்டுப்பட்டு உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போவது) என்று ஏதாவது எழுதியிருந்ததா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

இன்னொன்று, அட்டையில் என்ன பெயர் போட்டிருக்கிறது, முழுதாகப் படித்துச் சொல்லுங்கள்.

பின்னலூரான்:

அப்படி எதுவும் இல்லை சார். எண்டோஸ்கோப்பி எடுத்ததே இல்லை. அட்டையில் பேண்டப்ரசோல் 40, டொம்பெரிடோன் 30 என்று இருக்கிறது. கேப்ஸ்யூல்.

மருந்துக்கடை மாமா:

நினைத்தேன். அமிலத்துக்கு மட்டும் மாத்திரை போடுவதாக நினைத்துக்கொண்டு, வாந்திக்கான மருந்தையும் சேர்த்து வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். டொம்பெரிடோன் இதயத் துடிப்பின் லயத்தைக் கெடுக்கக்கூடியது என்று 2014-ல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்பாடு கொண்டுவந்தது. குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். நம் ஊரில் இந்த ஜோடிக் கேப்ஸ்யூல் கடலை மிட்டாய் மாதிரி போகிறது. கடைக்காரன் நானே சொல்கிறேன்.

ஒரு டாக்டரைப் பார்த்து இதை வெறும் பேண்டப்ரசோலாக மாற்றச் சொல்லுங்கள். பிறகு அவர் சொல்லும் வேகத்தில் 40-லிருந்து 20, கொஞ்ச நாள் கழித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் தேவைப்பட்டால் மட்டும். இடையில் எரிந்தால் அந்த நேரத்துக்கு ரோஸ் கலர் ஜெல் மருந்து இரண்டு ஸ்பூன் போதும். சில வாரத்தில் அடங்கிவிடும். அந்தச் சில வாரத்தைத் தாண்ட முடியாமல்தான் முக்கால்வாசிப் பேர் திரும்பக் கடைக்கு வருகிறார்கள்.

போடுகிற காலம்வரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள். பம்புகள் வேலை செய்ய ஆரம்பிக்கும்போதுதான் மருந்து பிடிக்கும். டிபன் முடித்துவிட்டு ஞாபகம் வந்து போடுவதில் பாதிப் பலன் போய்விடுகிறது.

இயற்கையே_இறைவன்:

மருந்துக் கடைக்காரர் மருந்தைத்தான் சொல்வார். நெஞ்செரிச்சல் வருவதே அமிலம் குறைவதால்தான். காலையில் எலுமிச்சையும் தேனும் வெந்நீரில், சாப்பாட்டுக்கு முன் ஆப்பிள் சிடர் வினிகர் இரண்டு ஸ்பூன். ஒரே வாரத்தில் எல்லா மாத்திரையையும் குப்பையில் போடலாம். நம் முன்னோர்கள் என்ன கேஸ் மாத்திரையா போட்டார்கள்?

ராத்திரி_டூட்டி (சேலம்):

நம் முன்னோர்கள் ஆப்பிள் சிடர் வினிகரும் குடிக்கவில்லை அண்ணா.

பொதிகைச்சாரல் (திருநெல்வேலி):

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள். இயற்கை மருத்துவம் என்றதும் வினிகரைத் தூக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் முதலில் நெஞ்சு எரிகிறது.

எரிச்சலுக்கு அமிலக் குறைவுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் உள்ள தசை வளையம் தளர்ந்து, அமிலம் மேலே வருவதுதான் பிரச்சினை. ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் வினிகரை ஊற்றினால் என்ன ஆகும்? நீர்க்காமல் தினமும் குடித்தால் பல் எனாமலும் கரையும்.

சித்தத்தில் இந்தக் கோளாறுகளைக் குன்மம் என்போம். எட்டு வகை சொல்லப்பட்டிருக்கிறது. ஆளைப் பார்த்து, நாடி பார்த்து ஏலாதி சூரணம், சங்கு பற்பம் என்று கொடுப்போம். சங்கு பற்பம் என்பது சங்கைச் சுத்தி செய்து புடம்போட்டு எடுப்பது, அடிப்படையில் கால்சியம். ஆங்கில மருந்துக் கடையில் மென்று தின்னக் கொடுக்கும் அமிலமுறி மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் கால்சியம் கார்பனேட்தான். இரண்டு பக்கமும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அதிமதுரமும் அப்படித்தான். 1960-களில் அதிமதுரத்தின் சத்திலிருந்து கார்பெனாக்சலோன் என்ற அல்சர் மருந்தையே செய்து விற்றார்கள். நல்ல மருந்து, ஆனால் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும் என்பதால் பிறகு ஒதுங்கிப்போனது. அதிமதுரப் பொடிக்கும் அதே குணம் உண்டு. யாரோ சொன்னார்கள் என்று தினமும் ஒரு ஸ்பூன் போட்டால் பிரஷர் ஏறும். பிரஷர் மாத்திரை போடுபவர்கள் கிட்டேயே போக வேண்டாம். மூலிகை என்பதால் தீங்கே செய்யாது என்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வது.

திருப்பூர் அண்ணாவுக்கு: மாத்திரையைக் குறைக்கும் காலத்தில் கைவைத்தியம் துணைக்கு வரலாம். மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்து வாரத்தில் இரண்டு நாள், மதியம் நீர்மோரில் சீரகம். ஓமத்தண்ணீர் உப்புசத்துக்கு நன்றாகக் கேட்கும். எரிச்சல் உள்ளவருக்கு அது காரம், அதனால் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இயற்கையே_இறைவன்:

சரி, வினிகரை விடுங்கள். பழைய சோற்றுக்கு என்ன சொல்கிறீர்கள்? அதுவும் தப்பா?

பொதிகைச்சாரல்:

அதைத் தப்பென்று யார் சொன்னது? ராத்திரி முழுவதும் நீரில் கிடந்த சோற்றில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலேயே குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படிப் பயன்படும் என்று ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், மண்சட்டியில் வையுங்கள், காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், சோறு சோறுதான். கூடவே நான்கு மோர்மிளகாயும் ஊறுகாயும் வைத்துத் தின்றுவிட்டு வயிறு எரிகிறது என்று வராதீர்கள்.

கட்டில்கால்:

இருமல் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு என் அனுபவம். மருந்தைவிட எனக்குக் கை கொடுத்தது இரண்டு செங்கல்.

தலைமாட்டுப் பக்கம் கட்டிலின் இரண்டு கால்களுக்கு அடியிலும் ஒவ்வொரு செங்கல்லைப் படுக்கைவசமாக வைத்து, மேலே பழைய டயர்த் துண்டு. நழுவாது. தலைமாடு ஆறு அங்குலம் உயர்ந்தால் நல்லது. ஒரு கல் போதாவிட்டால் இன்னொன்று. தலையணையை அடுக்குவதில் பலனில்லை. கழுத்தும் வயிறும் மடங்கி, வயிற்றில் அழுத்தம் கூடி, இன்னும்தான் மேலே வரும். உடம்பு முழுக்கச் சரிவாக இருக்க வேண்டும்.

அப்புறம் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். இரைப்பையின் பை இடதுபக்கம் தொங்குகிறது. அப்படிப் படுத்தால் அமிலம் கீழே தங்கும், உணவுக்குழாயின் வாய் மேலே இருக்கும். வலதுபக்கம் படுத்தால் நேர் எதிர். மனைவிக்குத்தான் முதலில் சிரமம், கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டே போவதாகச் சண்டை போட்டாள். பழகிவிட்டது.

பின்னலூரான்:

இதை இன்றே செய்கிறேன் அண்ணா. ஆனால் சாப்பாட்டு நேரத்தை எப்படி மாற்றுவது? பத்தரைக்குத்தானே வீட்டுக்கே வருகிறேன்.

மருந்துக்கடை மாமா:

பெரிய சாப்பாட்டை இடம் மாற்றுங்கள். ஏழரை மணி டீ பிரேக்கில் டீக்கும் போண்டாவுக்கும் பதிலாக வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியோ தயிர்சாதமோ. வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரு டம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். படுப்பதற்கும் சாப்பாட்டுக்கும் இடையில் இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். ராத்திரிப் பரோட்டாவும் சால்னாவும் விடுமுறை நாளில், அதுவும் சீக்கிரமாக. கொழுப்பு அதிகமான சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும், அந்தத் தசை வளையத்தையும் தளர்த்தும். புகையிலை, ஹான்ஸ் பழக்கம் இருந்தால் அதுவும் அதே வேலையைத்தான் செய்யும். குளிர்ந்த பால் குடித்தால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் பாலே அமிலத்தைத் தூண்டிவிடும்.

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று தெரியாது. மெட்பார்மினும் கேஸ் மாத்திரையும் வருடக்கணக்கில் சேர்ந்து ஓடும் வீடுகள் நிறைய. இரண்டுமே பி12 சத்தைக் குறைக்கும். பாதம் மரத்துப்போகிறது, எரிகிறது என்று வருபவர்களில் எல்லாம் சர்க்கரையின் வேலை என்று விட்டுவிடாமல் ஒருமுறை பி12 பார்க்கச் சொல்வேன்.

டெஸ்ட்ட்யூப் (கோவை):

லேபில் வேலை. இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். எச்.பைலோரி என்ற இரைப்பைக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

அல்சருக்குக் காரணம் கவலையும் காரமும்தான் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு கிருமிதான் காரணம் என்றார்கள். யாரும் கேட்கவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, வாய்நாற்றம், இரைப்பை அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. நம் நாட்டில் இந்தக் கிருமி மிகவும் சகஜம். இருப்பவர்கள் எல்லோருக்கும் புண் வருவதில்லை. ஆனால் மேல்வயிற்றில் வலி திரும்பத் திரும்ப வந்தால் சோதிக்க வேண்டும்.

மலத்தில் பார்க்கலாம், மூச்சை ஊதச் சொல்லியும் பார்க்கலாம், எண்டோஸ்கோப்பியில் துளி சதை எடுத்தும் பார்க்கலாம். பலரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டே வந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். இரண்டு வாரம் மாத்திரையையும், நான்கு வாரம் ஆன்டிபயாடிக்கையும் விட்டிருக்க வேண்டும். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் கோர்ஸ், பெரும்பாலும் 14 நாள். பூண்டு, தேன், கருஞ்சீரகம் எதுவும் அதை முழுதாக ஒழிக்காது.

ஐடி_அக்கா (சென்னை):

இழைக்குள் புகுந்து என் பாட்டையும் பாடிவிடுகிறேன். எனக்கு எரிச்சல் இல்லை, மலச்சிக்கல். வீட்டிலிருந்தே வேலை, நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. ஆன்லைனில் "குடல் கழிவு நீக்கும் பொடி" என்று ஒன்று வாங்கினேன். முதல் வாரம் அற்புதம். இப்போது அது இல்லாமல் போவதே இல்லை, அளவையும் கூட்ட வேண்டியிருக்கிறது. டப்பாவில் "நூறு சதவீதம் மூலிகை" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

பொதிகைச்சாரல்:

அக்கா, உங்கள் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் எங்கள் ஊர்ச் சரக்காகத்தான் இருக்கும். நிலாவாரை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மானாவாரியில் விளைவது. உலகச் சந்தையில் இதற்குப் பெயரே திருநெல்வேலி சென்னா. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக எத்தனையோ நாடுகளுக்குப் போகிறது. ஆங்கில மருந்துக் கடையில் சென்னோசைடு என்று விற்கும் மலமிளக்கி மாத்திரையும் இதே செடிதான்.

இலையில் உள்ள சத்து பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் உடைத்த பிறகுதான் வேலை செய்யும். அதனால்தான் ராத்திரி சாப்பிட்டால் காலையில் கேட்கிறது. எப்போதாவது எடுக்க நல்ல மருந்து. என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் தினமும் எடுப்பதுதான் தப்பு. குடலில் கழிவு வருடக்கணக்கில் ஒட்டிக்கிடக்கிறது என்று காட்டுகிற படங்களை நம்பாதீர்கள்.

மெதுவாகக் குறைத்துக்கொண்டே, ராத்திரி இசப்கோல் உமி இரண்டு ஸ்பூன் பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடியுங்கள், மேலே இன்னொரு டம்ளர். தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே கட்டியாகி அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கொய்யா, கீரைத்தண்டு, அவரை, பயறு. காலைச் சாப்பாடு முடிந்ததும் குடல் தானாக அசையும் நேரம். மீட்டிங் இருக்கிறது என்று அதை அடக்காதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் சின்ன முக்காலி.

காவேரிப்பாட்டி:

கடுக்காயை விட்டுவிட்டாயே அம்மா. காலையில் இஞ்சி, நடுப்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று சும்மாவா சொன்னார்கள். கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு, தோலை மட்டும்தான் எடுக்க வேண்டும்.

என் பேத்திக்கு மூன்று மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் அழுகிறது. வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவலாம் என்றால் மருமகள் கூடவே கூடாது என்கிறாள். அவள் அம்மாவும் அவள் பக்கம். எங்கள் பிள்ளைகள் எல்லாம் வசம்பில் வளர்ந்தவைதான்.

ராத்திரி_டூட்டி:

பாட்டி, நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வசம்பில் பீட்டா அசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். உரசும்போது எவ்வளவு வருகிறது என்று யாருக்கும் அளவு தெரியாது. உரைமருந்து கொடுத்த பிறகு விடாத வாந்தி, கண் சொருகல் என்று தூக்கிக்கொண்டு ஓடிவரும் குடும்பங்களை நான் டூட்டியில் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர ஒன்றும் வேண்டாம், கிரைப் வாட்டரும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

மூன்று மாதக் குழந்தை சாயங்காலமானால் வீறிடுவது சகஜம், நான்கு ஐந்து மாதத்தில் தானாகக் குறையும். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டிக்கொடுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு காலையும் சைக்கிள் மிதிப்பது மாதிரி மெதுவாக மடக்கி நீட்டுங்கள். உங்கள் கை பழகிய கை, அதற்கு மருமகள் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

காவேரிப்பாட்டி:

சரி அம்மா. வசம்பைப் புழு வராமல் அரிசி டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

உப்புசம்_உப்பிலி:

எனக்கு எரிச்சலும் இல்லை, சிக்கலும் இல்லை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு பானையாகிவிடும். சுண்டல் சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம். எல்லா டெஸ்டும் நார்மல், ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய்) என்று சொல்லிவிட்டார்கள். பெருங்காயம் கரைத்துக் குடிக்கலாமா?

பொதிகைச்சாரல்:

பயறுகளில் உள்ள சில சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்கே புளித்துக் காற்றாகிறது. கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் பாதித் தொந்தரவு குறையும். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் எல்லாம் சிலருக்கு இதே வேலையைச் செய்யும். ஆஸ்திரேலியாவில் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட உணவுகளைக் கொஞ்ச வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் முறையை வகுத்திருக்கிறார்கள். உணவியல் நிபுணர் துணையோடு செய்யுங்கள், ஆயுள் முழுக்கப் பூண்டை விடுவதற்கல்ல அது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

பெருங்காயம் மோரில் ஒரு சிட்டிகை போடலாம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பகுதி மாவும் பிசினும்தான். கோதுமை ஆகாத சீலியாக் நோயாளிகள் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

டெஸ்ட்ட்யூப்:

பெருங்காயம் பற்றி ஒரு துணுக்கு. இத்தனை சாம்பாரிலும் ரசத்திலும் போட்டும் நம் நாட்டில் நெடுங்காலம் அதைப் பயிரிட்டதே இல்லை. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானிலிருந்துதான் பிசின் வருகிறது. 2020 அக்டோபரில்தான் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் செடியை நட்டார்கள்.

மருந்துக்கடை மாமா:

இழை சமையலறைக்குள் போவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் அடிக்கடி நடப்பது.

ஐம்பது வயது மனிதர் வருவார். நெஞ்சை அடைக்கிறது, கேஸ்தான், ஒரு ஈனோ கொடுங்கள் என்பார். சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். இடது தோள் வலிக்கிறதா என்று கேட்டால், "ஆமாம், வாயு பிடிச்சிருக்கு" என்பார். நான் எதுவும் விற்க மாட்டேன். கடைப் பையனின் வண்டியில் அவரைப் பின்னால் உட்காரவைத்து நேரே ஈசிஜி எடுக்க அனுப்பிவிடுவேன். எல்லாமே மாரடைப்பாக இருப்பதில்லை. சிலது இருந்திருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மேல்வயிற்று உப்புசம், குமட்டல், மூச்சுவாங்கல் என்று மட்டும் வரலாம். நடக்கும்போது அடைத்து, நின்றால் சரியாகும் "வாயு"வைச் சோடா குடித்துச் சமாளிக்காதீர்கள்.

கறுப்பாகத் தார் மாதிரி மலம், ரத்த வாந்தி, சாப்பாடு தொண்டைக்குக் கீழே சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை. இவற்றுக்கு வீட்டில் எந்த வைத்தியமும் கிடையாது. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், அதைச் சொல்லிவிடுங்கள் டாக்டரிடம். மூட்டுவலிக்கு டைக்ளோபினாக் போடுபவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அல்சர் நிறைய அங்கிருந்துதான் வருகிறது.

ராத்திரி_டூட்டி:

வயிற்றுப்போக்குக்கும் ஒரு வரி மாமா. குழந்தைக்குப் போகிறது என்றால் ஜூஸ் பாக்கெட் வாங்காதீர்கள். பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுச் சர்க்கரைத் தண்ணீரை விற்றுக்கொண்டிருந்தார்கள், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்திருக்கிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் உண்மையான பாக்கெட் இலவசம். ஒரு பாக்கெட்டுக்கு அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீர், பெரும்பாலும் ஒரு லிட்டர். கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. உப்புப் போட்ட அரிசிக்கஞ்சியும் நல்லதுதான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்தபோது திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துத்தான் காலரா சாவைக் குறைத்தார்.

பின்னலூரான்:

டாக்டரைப் பார்த்துவிட்டேன். ஜோடிக் கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டு வெறும் பேண்டப்ரசோல் 20 எழுதிக் கொடுத்திருக்கிறார். அது முடிந்து இரண்டு வாரம் இடைவெளி விட்டு எச்.பைலோரி பார்க்கலாம் என்றார். அந்த இரண்டு வாரத்துக்கு ஜெல். கட்டிலுக்குச் செங்கல் வைத்தாகிவிட்டது, இருமல் குறைந்திருக்கிறது. எரிச்சல் இன்னும் இருக்கிறது, தாங்கக்கூடிய அளவில்.

மாமியார் ஓமத்தண்ணீரை விட்டுவிட்டுப் பிரண்டைக்கு வந்துவிட்டார். வேலியிலிருந்து ஒரு கட்டு பறித்துவந்து வைத்திருக்கிறார். போன தடவை யாரோ வீட்டில் சாப்பிட்டு நாக்கு, தொண்டையெல்லாம் அரித்தது. அரிக்காமல் எப்படிச் செய்வது?

காவேரிப்பாட்டி:

அரிப்பது அதன் குணம், முற்றியதைப் போட்டிருப்பார்கள். நுனியில் இரண்டு மூன்று கணு இளசாக இருக்கும், அதை மட்டும் எடு. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை வெட்டி எறி, ஓரத்து நாரைக் கீரை நாரெடுப்பதுபோல் உரித்துவிடு. துண்டு துண்டாக்கி நல்லெண்ணெயில் பச்சை நிறம் போய்ச் சுருங்கும்வரை வதக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். அரை வதக்கலில் எடுத்தால் கட்டாயம் அரிக்கும்.

உளுத்தம்பருப்பு, பெருங்காயம், உனக்கு ஒரே ஒரு மிளகாய், கொஞ்சம் தேங்காய், நெல்லிக்காய் அளவுக்குப் புளி. புளி இல்லாமல் செய்யாதே, அரிப்பை முறிப்பதே அதுதான்.

பொதிகைச்சாரல்:

பாட்டி சொன்னது சரி. அதில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது, அதுதான் குத்துகிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அடிக்கடி சாப்பிட வேண்டாம். அண்ணா, மதியச் சாப்பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி புளி வேண்டாம்.